விளையாட்டும் அதன் விலையும்

மாந்தர்க்கு உழைப்பு எத்துணை இன்றியமையாததோ அத்துணை இன்றியமையாதது ஓய்வும் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வோய்வை இனிதாக்குவது விளையாட்டு. நம் கல்லூரி மைதானத்தில் மாலைதோறும் கால்பந்தும் ஹாக்கியும் ஆடுவோர் பலர். அவர்தம் வெற்றி தோல்விகள் இம்மலரில் ஆண்டுதோறும் இடம் பெறுகின்றன. ஆனால், தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னமர்ந்து, பொத்தான்கள் நிறைந்த சிறு கருவியொன்றைக் கையிற்பற்றி ஆடும் ஆட்டமும் ஒன்றுண்டு. நம்மில் அதனை ஆடாதார் சிலரே. அதனைக் குறித்து எழுதுவார் அவரினும் சிலர். அக்குறையை ஒருவாறு நீக்கவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

யாம் இத்துறையில் வல்லேம் அல்லேம். இரவு பகலாக ஆடிப் பந்தயங்களிற் பரிசு பெறும் வீரர் வேறு. வாரத்தில் ஓரிரு மணி நேரம் மனமகிழ்ச்சிக்காக ஆடும் எம்போன்றோர் வேறு. எனினும், கன்சோல் எனப்படும் அக்கருவியை வாங்குவோருள் பெரும்பாலார் எம்மினத்தவரே. ஆதலின், விளையாட்டை விலைகொடுத்து வாங்கிய பின்னரும் மீண்டும் மீண்டும் பணங்கேட்கும் இக்காலத்து வழக்கத்தைப் பற்றி எம்மனோர் கருத்தும் அறியத்தக்கதே.

முதற்கண், சொற்பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு விளையாட்டை வாங்கிய பிறகு, அதனுள்ளே தனி விலைக்கு விற்கப்படும் புதிய களங்கள், கதைப் பகுதிகள், உடைகள், ஆயுதங்கள், ஆட்டக்காரர் முதலிய யாவற்றையும் ஈண்டுச் 'சேர்க்கை' என்னும் சொல்லாற் குறிப்போம். இளைஞர் இவற்றுட் பலவற்றை 'டி.எல்.சி.' என மூன்றெழுத்தில் வழங்குவர்.

காசுத் துளையின் காலம்

வீடியோ விளையாட்டு முதன்முதலிற் பொதுமக்களிடையே பரவியது காசு போட்டு ஆடும் பொறிகளின் வாயிலாகவே. 1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அட்டாரி என்னும் கம்பெனியார் 'பாங்' என்ற பந்தாட்டப் பொறியைச் செய்து, கலிபோர்னியாவிலுள்ள சன்னிவேல் நகரத்து மதுக்கடை ஒன்றில் வைத்தனர். சில நாட்களில் அப்பொறி பழுதாயிற்றென்று செய்தி வந்தது. அதனைச் செய்த எஞ்சினீயர் ஆலன் ஆல்கார்ன் சென்று திறந்து பார்த்தபோது, காசுகள் பெட்டியில் நிறைந்து வழிந்தமையே அப்பழுதின் காரணமாயிருந்ததென்பர். இவ்வியாபாரத்தின் இயல்பனைத்தும் அக்காசுப் பெட்டியிலேயே அடங்கியிருந்தது. ஆடுவோன் விரைவில் தோற்றால் அடுத்த காசு விரைவில் விழும். ஆதலின் ஆட்டம் கடினமாயிருத்தல் வேண்டும். எனினும், மறுமுறை வென்றுவிடலாம் என்னும் ஆசையை அஃது அறுத்துவிடலுமாகாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவறிந்து பொறியை அமைப்பதே அக்காலத்தார் கற்ற கலை.

1990-இல் வெளிவந்த 'டபிள் டிராகன் 3' என்னும் பொறியிலோ, இக்கலை மற்றுமோர் அடி முன்சென்றது. ஆட்டத்தினுள்ளேயே ஒரு கடை அமைக்கப்பட்டிருந்தது. மெய்யான காசைப் பொறியிலிட்டு, ஆடுவோன் அக்கடையில் வலிமையும் ஆயுதமும் புதிய வீரரும் வாங்கலாம். இன்றைய சேர்க்கைகளின் பாட்டனார் இவரேயெனல் மிகையாகாது.

வீட்டிற்கு வந்த விளையாட்டு

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் கன்சோல்களுள் முதலாவது, ரால்ப் பேர் என்பார் வகுத்த அமைப்பைக்கொண்டு 1972-இல் வெளிவந்த 'மாக்னவாக்ஸ் ஒடிஸி'. அதனால் வண்ணங் காட்டவியலாது. ஆதலின் வண்ணப் படங்கள் அச்சிட்ட மெல்லிய தாள்களைத் திரையின்மேல் ஒட்டிக்கொண்டு ஆடினர். பகடைகளும் விளையாட்டுப் பணத்தாள்களும் பெட்டியோடு வந்தன. ஆனால் திரையை நோக்கிச் சுடும் துப்பாக்கி மட்டும் தனி விலைக்கு விற்கப்பட்டது. எனவே, சேர்க்கையை விற்றல் புதுவது புகுந்த தீமை என்று கூறவியலாது. கன்சோலோடு உடன்பிறந்ததே அது. துப்பாக்கியை வாங்கியவன் கையில் துப்பாக்கி இருந்தது. வாங்காதவன் ஏனைய ஆட்டங்களைக் குறைவின்றி ஆடினான். இதனை நினைவிற்கொள்க.

1977-இல் அட்டாரியின் கன்சோலும், 1983-இல் ஜப்பானில் நிண்டெண்டோவின் 'பாமிகாம்' கருவியும் வந்தன. விளையாட்டுகள் கார்ட்ரிட்ஜ் எனப்படும் சிறு பெட்டிகளில் விற்கப்பட்டன. இம்முறையின் பெருஞ்சிறப்பு யாதெனில், ஒருமுறை விலை கொடுத்தால் விளையாட்டு முழுவதும் நமதே என்பது. நூறுமுறை தோற்றாலும் நூற்றோராம் முறை காசு கேட்பாரில்லை. 1990-களில் நம் நாட்டு வீடுகளிற் பரவிய மலிவான நகற் கருவிகளை இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் பலர் மறந்திரார். 'ஒன்றினுள் 9999 விளையாட்டுகள்' என்று கார்ட்ரிட்ஜின்மேல் எழுதியிருக்கும்; உள்ளே பத்தோ இருபதோ விளையாட்டுகளே வேறுவேறு பெயரில் மீண்டும் மீண்டும் வரும். அஃதும் ஒருவகை ஏமாற்றே. ஆயினும் ஒரேமுறை ஏமாற்றிவிட்டு, பின்னர் நம்மைத் தொல்லை செய்யாது விட்டுவிடும்.

அக்காலத்துச் செய்தி மற்றொன்றும் ஈண்டுக் கூறத்தக்கது. 1986-இல் 'கிராடியஸ்' என்னும் விளையாட்டைக் கன்சோலுக்காக ஆக்கிய ஹஷிமோட்டோ என்பார், தாம் ஆக்கிய ஆட்டம் தமக்கே கடினமாயிருந்ததால், குறித்த வரிசையிற் பொத்தான்களை அழுத்தினால் முழு வலிமையும் கிடைக்குமாறு இரகசியக் குறியொன்றை அதனுள் வைத்தார். 1988-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'கான்ட்ரா' விளையாட்டில், அக்குறியே ஆடுவோனுக்கு மூன்று உயிர்களுக்குப் பதிலாக முப்பது உயிர்கள் அளித்தது. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம் என்னும் அவ்வரிசையைச் சிறுவர் ஒருவர்க்கொருவர் செவிவழியே சொல்லிக்கொடுத்தனர். திறமை குறைந்தோர்க்கு இரங்கி, ஆக்கியோர் இலவசமாக ஈந்த உதவி அது. அன்று நண்பன் காதிற் சொல்லிக்கொடுத்த அதே முப்பது உயிர்கட்கு இன்று விலைச்சீட்டுக் கட்டப்பட்டிருத்தலைக் காண்கின்றோம்.

குதிரைக் கவசம்

இம்மாறுதல் எவ்வாறு நேர்ந்தது? கன்சோல் இணையத்தோடு பிணைக்கப்பட்டமையே காரணம். 2002-இல் மைக்ரோசாப்ட் கம்பெனியார் தம் 'எக்ஸ்பாக்ஸ்' கருவிக்கு இணையச் சேவையைத் தொடங்கினர். 2005-இல் அதன் அடுத்த கருவி அச்சேவையோடு கடையொன்றையும் வீட்டிற்குள் கொணர்ந்தது. 2006 ஏப்ரலில் பெதஸ்டா என்னும் கம்பெனியார், 'ஆப்ளிவியன்' என்ற தம் கதை விளையாட்டிற்காகக் குதிரைக் கவசம் ஒன்றை விற்பனைக்கு விட்டனர். விலை 200 புள்ளிகள். அஃதாவது இரண்டரை டாலர். குதிரை மின்னிற்று, கதை ஓரடியும் நகரவில்லை. உலகமெங்கும் ஆடுவோர் நகைத்தனர். நகைத்தவருள் வாங்கியவரும் பலர். அதே கம்பெனியார் 2007-இல் அதே விளையாட்டிற்குப் புதியதொரு நிலப்பரப்பையும் நெடுங்கதையையும் சேர்க்கையாக விற்றபோது, அது பெரிதும் பாராட்டப்பட்டது. இதனால், ஆடுவோர் விலைகொடுக்க மறுப்பவரல்லர் என்பதும், கொடுத்த விலைக்குத் தக்க பொருளையே நாடுகின்றனர் என்பதும் விளங்கும்.

ஈண்டுப் 'புள்ளி' என்றோமே, அதனைச் சிறிது ஆராய்வோம். ஒரு டாலருக்கு 80 புள்ளிகள் என்பது கணக்கு. அதனை நூறு என்று வைத்திருந்தால் சிறுவனும் மனக்கணக்காற் கண்டுகொள்வான். எண்பதென்றதால், 200 புள்ளி எத்துணைப் பணம் என்பதை அறிய ஒருகணம் நின்று வகுத்துப் பார்க்கவேண்டும், ஆசையுற்றவன் நிற்பானல்லன். மேலும், புள்ளிகள் கட்டுக்கட்டாகவே விற்கப்படும். வேண்டியதை வாங்கியபின் சில எஞ்சும். எஞ்சியதை வீணாக்க மனமின்றி அடுத்த கட்டை வாங்குவோம். மைக்ரோசாப்ட் கம்பெனியார் இப்புள்ளி முறையை 2013-இல் நீக்கிவிட்டுப் பணத்திலேயே விலை குறிக்கலாயினர். ஆனால் தனித்தனி விளையாட்டுகளினுள்ளே பொற்காசு என்றும் பளிங்கு என்றும் பற்பல பெயர்களில் அம்முறை இன்றும் வாழ்கின்றது.

நல்ல சேர்க்கை

குற்றங் கூறுமுன் குணமும் கூறுதல் முறை. போலந்து நாட்டுக் கம்பெனியொன்று 2015-இல் வெளியிட்ட 'விட்சர் 3' என்னும் விளையாட்டிற்கு, 16 சிறு சேர்க்கைகளை ஒரு காசும் பெறாமல் வழங்கிற்று. பின்னர் இரண்டு பெருங்கதைகளை விலைக்குத் தந்தது. அவற்றுள் 2016-இல் வந்த 'பிளட் அண்ட் வைன்', தானே ஒரு தனி விளையாட்டெனத்தக்க பரப்புடையதாய், அவ்வாண்டின் சிறந்த கதை விளையாட்டிற்கான 'கேம் அவார்ட்ஸ்' பரிசையும் பெற்றது. நிண்டெண்டோ கம்பெனியாரின் 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' என்னும் பந்தய விளையாட்டு, 2017-இல் 48 பந்தயப் பாதைகளோடு வெளிவந்தது. 2022 முதல் 2023 முடிய ஆறு தவணைகளில் மேலும் 48 பாதைகளை ஏறத்தாழ 25 டாலருக்கு அளித்தனர். பாதைகள் இரட்டித்தன, வாங்காதவன் முதல் 48-ஐ முன்போலவே ஆடினான். கொள்வோனும் கொடுப்போனும் ஒருவரையொருவர் நேர்நோக்கிச் செய்த வாணிகம் இவை. இத்தகையவற்றில் யாமும் மனமுவந்து விலை கொடுத்ததுண்டு.

தீய சேர்க்கை

தீய சேர்க்கை மூவகைப்படும்.

முதலாவது, நாம் வாங்கிய பொருளிலேயே ஒரு பகுதியைப் பூட்டிவைத்துச் சாவியை விற்பது. 2012-இல் காப்காம் கம்பெனியார் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் பைட்டர் எக்ஸ் டெக்கன்' என்னும் விளையாட்டின் தட்டில், பின்னர் விலைக்கு விற்கவிருந்த 12 வீரர்களும் முன்னமே பதிந்திருந்தனர். வீட்டை வாங்கியவனிடம் அவ்வீட்டின் ஓர் அறைக்கு வேறு வாடகை கேட்டாற்போன்றது இது.

இரண்டாவது, ஆட்டத்தை வேண்டுமென்றே மந்தமாக்கி, அம்மந்தத்தினின்று விடுதலையை விற்பது. எம்போன்ற ஓய்வுநேர ஆட்டக்காரரை மிக வருத்துவது இதுவே. 2017 நவம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனியார் வெளியிட்ட 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்பிரண்ட் 2' இதற்குச் சான்று. டார்த் வேடர் முதலிய புகழ்பெற்ற பாத்திரங்களை ஏற்று ஆட 60,000 விளையாட்டுக் காசுகள் ஈட்டவேண்டியிருந்தது. அதற்கு ஏறத்தாழ 40 மணி நேரம் ஆகுமென்று ஆடுவோர் கணக்கிட்டனர். நாள்தோறும் பலமணி ஆடுவானுக்கு அது பத்து நாள் உழைப்பு. வாரத்திற்கு ஒருமணி ஆடும் எமக்கோ நாற்பது வாரம்! இடையே பணங்கொடுத்து வாங்கும் பெட்டிகள் விரைவு வழி காட்டின. உலகெங்கும் எழுந்த சீற்றத்தால் அவ்விலை 15,000 ஆகக் குறைக்கப்பட்டது. வெளியீட்டின் முன்னாளிலேயே பண விற்பனையும் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு மீண்டும் அது தொடங்கியபோது, அழகுப் பொருள்கள் மட்டுமே விற்கப்பட்டன. ஆடுவோர் ஒன்றுபட்டுப் பேசினால் கம்பெனிகள் செவிசாய்க்கும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டா.

மூன்றாவது, மூவகையுள்ளும் கொடியது, 'லூட் பாக்ஸ்' எனப்படும் அதிர்ஷ்டப் பெட்டி. பணத்தைக் கொடுத்த பின்னரே உள்ளிருப்பது இன்னதென்று தெரியும். 2009 முதல் 'பிபா' கால்பந்து விளையாட்டில் வந்த 'அல்டிமேட் டீம்' என்னும் பகுதியும் இவ்வினத்ததே. ஆட்டக்காரரின் உருவச் சீட்டுகளடங்கிய உறைகளை ஆடி ஈட்டலாம், பணத்திற்கும் வாங்கலாம். விரும்பிய ஆட்டக்காரர் வருவதும் வாராததும் தற்செயல்.

இதன் வலிமையைக் கணக்கால் விளக்குவோம். ஒரு தொகுதியில் ஆறு சீட்டுகள் உள்ளன. ஒவ்வொன்றும் வருதற்கு ஒத்த வாய்ப்புடையது எனக் கொள்வோம். ஆறையும் சேர்க்கச் சராசரியாக எத்தனை உறைகள் பிரிக்கவேண்டும்? ஆறு போதாதெனினும் எட்டு அல்லது ஒன்பது போதுமென்று மனம் கூறும். மெய்யாகவோ ஏறத்தாழ பதினைந்து வேண்டும். முதற்சீட்டு உடனே கிடைக்கும். ஐந்து சேர்ந்தபின், எஞ்சிய ஒன்றிற்கு மட்டுமே சராசரியாக ஆறு உறைகள் செல்லும். 'இன்னும் ஒன்றுதானே' என்று நாம் எண்ணும் இடமே செலவு மிகுந்த இடம். ஒரு சீட்டு மற்றவற்றினும் அரிதாக வைக்கப்படின் செலவு இன்னும் பன்மடங்காகும். ஜப்பானியக் கைப்பேசி விளையாட்டுகளில் இவ்வாறு தொகுதி முழுவதையும் சேர்த்தாற் பரிசு என்றிருந்த முறையை, அந்நாட்டு நுகர்வோர் துறை 2012-இல் சட்டவிரோதமென்று அறிவித்தது.

2018 ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் விலைக்கு விற்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டமே என்று முடிவு கூறிற்று. 2019 ஜனவரியில் 'பிபா' உறைகளின் பண விற்பனை அந்நாட்டில் நின்றது. நெதர்லாந்தில் விதிக்கப்பட்ட ஒரு கோடி யூரோ தண்டத்தை, அந்நாட்டு மேல்நீதி மன்றம் 2022 மார்ச்சில் நீக்கிற்று. அவ்வுறைகள் பெரியதோர் ஆட்டத்தின் பகுதியேயன்றித் தனிச் சூதாட்டமல்ல என்பது அதன் கருத்து. அறிஞரிடையேயும் இவ்வாறு கருத்து வேறுபடுகின்றது. அமெரிக்காவில் 'போர்ட்நைட்' விளையாட்டின் உரிமையாளரான எபிக் கம்பெனியார், 2022 டிசம்பரில் 24 கோடியே 50 லட்சம் டாலரை ஆடுவோர்க்குத் திருப்பியளிக்க இசைந்தனர். பொருளைப் பார்வையிட முயலும்போதே கைதவறி அடுத்த பொத்தானை அழுத்தினால் பணம் பிடிக்கப்படுமாறு பொத்தான்கள் அமைந்திருந்தன என்பது அரசாங்க ஆணையத்தின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. நம் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்பனை 2003-இல் தடைசெய்யப்பட்டதை யாவரும் அறிவர். அச்சீட்டைக் கடைக்குச் சென்று வாங்கவேண்டியிருந்தது; இப்பெட்டியோ நம் வீட்டுக் கூடத்திற்கே வந்து, பத்து வயதுச் சிறுவன் கையிலும் அமர்கின்றது.

எமக்கு நேர்ந்தது

பிறர்க்கு உரைக்கும் எமக்கும் இவ்விழுக்கு நேர்ந்ததுண்டு. சென்ற ஆண்டு விடுமுறையில் கார்ப் பந்தய விளையாட்டொன்றை ஆடிவந்தோம். அதன் பெயர் ஈண்டு வேண்டா. அதிற் செந்நிறக் கார் ஒன்றின்மேல் எமக்கு ஆசை பிறந்தது. ஆடிப் பெறுவதாயின் பல வாரங்கள் ஆகும். அதிர்ஷ்டப் பெட்டியொன்றோ எண்பது ரூபாய். பாடநூல் வாங்க அம்மா அளித்த தொகை கைவசமிருந்தது. முதற்பெட்டியில் வண்டிக்கு ஒட்டும் படமொன்று வந்தது, இரண்டாவதிலும் அவ்வாறே. இவ்வளவு செலவிட்டபின் நிறுத்தினால் முன்னதும் வீணாகுமே என்று எண்ணியெண்ணி, பதினோராம் பெட்டியிற் காரைப் பெற்றோம். ஆகச் செலவு எண்ணூற்றெண்பது ரூபாய்.

மறுநாட் காலையில் எம் தம்பி அக்காரைக் கண்டு வியந்து, "அண்ணா, இதை நீ ஜயித்தாயா, வாங்கினாயா?" என்று கேட்டான்.

எமக்கு விடை தோன்றவில்லை. வென்றோமெனின், எத்திறமையால் வென்றோம்? வாங்கினோமெனின், வாங்குவோன் விலையை முன்னரே அறிவானன்றோ? எமக்கோ விலை பதினோராம் பெட்டியிலேயே தெரிந்தது. வென்றதுமின்றி வாங்கியதுமின்றி இடையே நின்ற அச்செய்கைக்குச் சூது என்னும் பெயரையே கண்டோம். அதனை அவனிடம் கூற நாணி, "வண்டியை ஓட்டிப் பார்" என்று கருவியை அவன் கையிற் கொடுத்தோம். அப்பருவம் முழுவதும் பாடநூலை நண்பரிடம் இரவல் வாங்கியே படித்தோம். ஆயினும் அவ்விரவலினும் அவ்வினாவே எம்மை மிக வருத்தியது.

மறுப்பும் விடையும்

கம்பெனிகளின் பக்கத்திலும் நியாயமுண்டு. பெரிய கன்சோல் விளையாட்டொன்றின் விலை அமெரிக்காவில் 2005 முதல் 2020 வரை பெரும்பாலும் 60 டாலராகவே நின்றது. அதன் பின்னரே சில 70 டாலராயின. அவ்விடைக்காலத்தில் விளையாட்டை ஆக்கும் செலவோ பன்மடங்கு பெருகிற்று. நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். அவர்க்கும் ஊதியம் வேண்டும். 2017-இல் வந்த 'போர்ட்நைட்' போர் விளையாட்டைப் போல, ஆட்டத்தை இலவசமாகவே தந்து, வலிமை தாராத உடைகளை மட்டும் விற்கும் முறையும் உண்டு. கன்சோல் வாங்கியதோடு பணப்பை காலியாகும் மாணவர்க்கு அது பேருதவியே. ஆதலின் சேர்க்கை யாவும் தீதென்று யாம் கூறோம். நேர்மையான விலையைக் கேட்பின் கொடுப்போம். இன்னும் பத்து டாலர் கூட்டிக் கேட்பினும் ஆராய்வோம். விலையை மறைத்தலே எமக்கு உடன்பாடன்று.

எனவே, பொருள் வாங்குமுன் மூன்று வினாக்களை நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் நலம். ஒன்று: இச்சேர்க்கையின்றியும் நான் வாங்கிய விளையாட்டு முழுமையானதா? இரண்டு: கிடைக்கப்போவது இன்னதென்றும், அதன் விலை இத்தனை ரூபாயென்றும் இப்பொழுதே எனக்குத் தெரியுமா? மூன்று: இதனை வாங்குவது ஆடுதற்காகவா, ஆடாமல் தப்புதற்காகவா? மூன்றாம் வினாவே மிக நுட்பமானது. ஆடுவதைத் தவிர்க்கப் பணங்கொடுக்கும் நிலை வந்துவிடின், அவ்விளையாட்டு நமக்கு இனிமை தருவதை நிறுத்திவிட்டதென்பதே பொருள். அப்பொழுது செய்யத்தக்கது கருவியை அணைத்துவிட்டு மைதானத்திற்குச் செல்வதே.

மாணவ நண்பர்காள்! விளையாட்டிலே தோல்வி இழிவன்று. பன்முறை தோற்று ஒருமுறை வெல்வதிலேதான் அதன் சுவை முழுவதும் உள்ளது. அத்தோல்வியை விலைகொடுத்து நீக்கிக்கொள்வோன் வெற்றியையும் உடன் நீக்கிக்கொள்கின்றான். வீட்டில் உங்கள் தம்பி தங்கையர் உங்களைப் பார்த்தே ஆடக் கற்கின்றனர். ஒருநாள் அவருள் ஒருவர் உங்கள் திரையை நோக்கி, "இதை ஜயித்தாயா, வாங்கினாயா?" என்று கேட்பர். இரண்டில் எதுவாயினும் தயங்காமல் விடை சொல்லுமாறு உங்கள் ஆட்டம் அமைக.